தொழிற்சங்கம் என்னும் ஏணி: ஏழாம் வகுப்போடு நின்றவர் முதலமைச்சரானது எப்படி?

"ஏழைக் குடும்பத்தில் பிறந்து, கடும் உழைப்பால் உயர்ந்து..." என்று தொடங்காத அரசியல்வாதி வாழ்க்கைக் குறிப்பைப் பார்ப்பது அரிது. அந்த வரியில் பெருமை இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது. எப்படி உயர்ந்தார் என்பதுதான் இல்லை. உழைப்பு ஒன்றே போதும் என்றால் ஆலப்புழையில் கயிறு திரித்த ஆயிரக்கணக்கானவர்களில் பாதிப் பேராவது மந்திரியாகியிருக்க வேண்டும். ஆனது ஒருவர் இருவர்தான்.

மாநில அரசியலில் மேலே வருவதற்கு வழக்கமாக மூன்று வழிகள் உண்டு. கையில் பணம் இருக்க வேண்டும், அல்லது வக்கீல் படிப்பு மாதிரி ஒரு பட்டம் இருக்க வேண்டும், அல்லது அப்பாவோ மாமாவோ ஏற்கெனவே அரசியலில் இருக்க வேண்டும். கூலி வேலை செய்யும் வீட்டில் பிறந்தவருக்கு இந்த மூன்றும் அடைபட்டுக் கிடக்கும். அப்படியானால் அவருக்கென்று வேறோர் ஏணி இருந்தாக வேண்டும். 20ஆம் நூற்றாண்டில் உலகின் பல மூலைகளில் அந்த ஏணியாக இருந்தவை தொழிற்சங்கமும், அதை ஒட்டி வளர்ந்த கட்சியும்.

இதைப் புரிந்துகொள்ள, நமக்குப் பக்கத்து மாநிலத்திலேயே ஒரு முழு வாழ்க்கை கிடைக்கிறது: கேரளத்தின் வி.எஸ். அச்சுதானந்தன். தமிழ்நாட்டில் பலருக்கு அவரை முல்லைப் பெரியாறு விவகாரத்தில் எதிர்ப்பக்கம் நின்ற முதலமைச்சராகத்தான் நினைவிருக்கும். அதைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு அவர் ஏறிவந்த படிகளைப் பார்ப்போம். அவரை ஏற்றிவிட்ட அதே ஏணி, ஏறிய பிறகு அவர் காலைப் பிடித்தும் வைத்துக்கொண்டது. உழைப்பால் உயர்ந்தார் என்று முடித்துவிடுகிற குறிப்புகள் இந்தப் பின்பாதியைச் சொல்வதே இல்லை.

கயிற்றுப் பட்டறையும் சங்கமும்

வி.எஸ். பிறந்தது 1923 அக்டோபர் 20 அன்று, அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஆலப்புழைக்கு அருகே உள்ள புன்னப்புராவில். ஈழவக் குடும்பம். நான்கு வயதில் அம்மா அம்மை நோயில் இறந்தார். பதினொரு வயதில் அப்பாவும் போய்விட்டார். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. அண்ணனின் தையல் கடையில் உதவியாளாக இருந்தார், பிறகு ஆஸ்பின்வால் கயிற்றுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார்.

இந்த இடத்தில் ஊரைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. அதே வறுமையோடு வேறோர் ஊரில் பிறந்திருந்தால் வி.எஸ். கடைசி வரை தையல்காரராகவே இருந்திருக்கலாம். ஆலப்புழை சாதாரணக் கடலோர ஊர் அல்ல. 1859இலேயே அங்கே வெள்ளைக்காரர் ஒருவர் கயிற்றுப் பாய் நெய்யும் தொழிற்சாலையைத் தொடங்கிவிட்டார். தேங்காய் மட்டையைக் காயலில் ஊறப்போட்டு, அடித்து, நார் எடுத்து, திரித்து, தறியில் ஏற்றிப் பாயாக்கிக் கப்பலில் ஏற்றுமதி செய்வது அந்த ஊரின் பிழைப்பு. கிராமங்களில் சிதறிக் கிடக்கும் கூலிக்காரர்களை ஒன்றுசேர்ப்பது கடினம். ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கில் வேலை செய்பவர்கள் தாங்களாகவே பேசத் தொடங்கிவிடுவார்கள். 1922இல் அங்கே திருவிதாங்கூர் தொழிலாளர் சங்கம் உருவானது. 1938இல் ஆலப்புழைக் கயிற்றுத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் சமஸ்தானத்தையே அசைத்தது. வி.எஸ். அரசியலுக்குள் வந்ததும் அதே ஆண்டில்தான். 1940இல், பதினேழு வயதுகூட நிரம்பும் முன், கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார்.

ஆக, ஏணி அவர் பிறந்த ஊரிலேயே சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அதில் முதல் படியில் கால் வைக்க வைத்தவர் பி. கிருஷ்ணபிள்ளை. கேரளத்தில் கம்யூனிஸ்ட் இயக்கத்தைக் கட்டியவர்களில் முதன்மையானவர். அவர் இந்த இளைஞரைப் பட்டறையிலிருந்து எடுத்துக் குட்டநாட்டுக்கு அனுப்பினார்.

குட்டநாட்டு வயல்கள் கடல் மட்டத்துக்கும் கீழே இருப்பவை. காயல் நீரை இறைத்து வெளியேற்றி, கரை கட்டி, உள்ளே நெல் போடுவார்கள். அன்று நிலம் பெரும் முதலாளிகள் கையில். சேற்றில் இறங்குபவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள். குடியிருக்கும் குடிசைகூட நிலக்காரன் தயவு. எதிர்த்துப் பேசினால் கூலி மட்டுமல்ல, கூரையும் போகும். அங்கே போய், வள்ளத்திலும் நடந்தும் சுற்றி, விவசாயக் கூலிகளுக்குச் சங்கம் கட்டுவதுதான் இளைஞரின் வேலை.

கட்சி அகராதியில் இப்படிப்பட்டவருக்கு முழுநேர ஊழியர் என்று பெயர். தொழிலாளி வீட்டுப் பிள்ளை அரசியலுக்கு வர முடியாததற்கு முதல் காரணம் நேரமின்மை. பகலெல்லாம் வேலை செய்தால்தான் இரவு அடுப்பெரியும். கூட்டத்துக்குப் போக நாளேது? கட்சி ஒரு சிறு தொகையைக் கொடுத்து அந்த நேரத்தை வாங்கித் தருகிறது. பதிலுக்கு அவர் எங்கே போக வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்பதையும் கட்சியே தீர்மானிக்கும். பிறகு எம்.எல்.ஏ. ஆனாலும் சம்பளத்தில் ஒரு பங்கு லெவியாகக் கட்சிக்குப் போகும். சொந்தப் பணம் இல்லாதவருக்கு இது பெரிய விடுதலை. அந்த விடுதலையோடு ஒரு கயிறும் சேர்ந்தே வருகிறது.

பூஞ்சார் லாக்கப்

1946இல் திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் ஓர் அரசியல் திட்டத்தை முன்வைத்தார். பிரிட்டிஷார் போன பிறகும் சமஸ்தானம் தனியாகவே இருக்க வேண்டும், உண்மை அதிகாரம் மன்னர் நியமிக்கும் திவானிடமே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 'அமெரிக்க மாடல்' என்று பெயர். அதை எதிர்த்தும், கூலி உரிமைகளுக்காகவும் ஆலப்புழைத் தொழிலாளர்கள் எழுந்தார்கள். அக்டோபர் 24 அன்று புன்னப்புராவில் போலீஸ் முகாமை நோக்கிப் போனவர்கள் கையில் இருந்தவை பாக்கு மரத்தைச் சீவிச் செய்த ஈட்டிகள். எதிரே துப்பாக்கி. 27ஆம் தேதி வயலாரில் ராணுவம் சுட்டது. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் இன்றுவரை ஒருமித்த கணக்கில்லை; நூற்றுக்கணக்கில் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

புன்னப்புராக் களத்தில் வி.எஸ். நேரடியாக இல்லை. ஆட்களைத் திரட்டியதில் பங்குண்டு. தலைமறைவாகப் பூஞ்சாரில் இருந்தபோது பிடிபட்டார். லாக்கப் கம்பிகளுக்கு வெளியே கால்களை இழுத்து, கழிகளோடு சேர்த்துக் கட்டி, உள்ளங்காலில் அடித்தார்கள். கடைசியில் ஒரு போலீஸ்காரர் துப்பாக்கி முனையில் இருந்த பயனெட்டை உள்ளங்காலில் குத்தினார். அது மறுபக்கம் வந்தது. செத்துவிட்டார் என்று நினைத்து வெளியே கொண்டுபோனபோது, கூட இருந்த திருட்டு வழக்குக் கைதி மூச்சிருப்பதைக் கவனித்துச் சொன்னதால் பாலாவில் உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றார்கள். வி.எஸ். பிற்காலத்தில் பலமுறை சொன்ன நிகழ்ச்சி இது. அந்தத் தழும்பு கடைசிவரை அவர் காலில் இருந்தது.

சிறையில் ஐந்தரை ஆண்டு, தலைமறைவில் நாலரை ஆண்டு என்பது அவர் வாழ்க்கைக் கணக்கு. வக்கீல் வீட்டுப் பிள்ளை சட்டக் கல்லூரியில் பெறுகிற தகுதியைத் தொழிலாளித் தலைவர் லாக்கப்பில் பெறுகிறார் என்று சொன்னால் கொடூரமாக இருக்கும். நடைமுறை என்னவோ அதுதான். அடிபட்டவன் சொல்லுக்குத் தொழிலாளிகளிடம் தனி மதிப்பு. படித்த தோழர்கள் நிறைந்த கமிட்டியில் ஏழாம் வகுப்புக்காரருக்கு ஒரு நாற்காலி உறுதியானதற்கு அந்தக் காலும் ஒரு காரணம்.

அமைப்பில் ஏறுவது வேறு, தேர்தலில் ஏறுவது வேறு

கம்யூனிஸ்ட் கட்சியில் இரண்டு தனித்தனிப் படிவரிசைகள் இருப்பது புதிதாகப் படிப்பவரைக் குழப்பும். ஒன்று அமைப்பு: கிளை, மாவட்டக்குழு, மாநிலக்குழு, மத்தியக்குழு, எல்லாவற்றுக்கும் மேலே அரசியல் தலைமைக்குழு. மற்றொன்று மக்கள் ஓட்டுப் போட்டுக் கிடைக்கும் பதவிகள். பிற கட்சிகளில் முதலமைச்சர்தான் எல்லாம். இங்கே மாநிலச் செயலாளர் முதலமைச்சரைக் கேள்வி கேட்கலாம். சில வேளைகளில் கட்டிப்போடவும் செய்யலாம்.

வி.எஸ். முதலில் ஏறியது அமைப்பின் படிகளில். 1957இல் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவை வந்தபோது அவர் ஆலப்புழையின் மாவட்டச் செயலாளர். 1964இல் டில்லியில் கட்சியின் தேசியக் கவுன்சிலிலிருந்து வெளிநடப்புச் செய்த 32 பேரில் ஒருவர். அந்த வெளிநடப்பிலிருந்துதான் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி பிறந்தது. நம்முடைய என். சங்கரய்யாவும் அந்த 32இல் உண்டு. 2023இல் சங்கரய்யா மறைந்த பிறகு அந்தப் பட்டியலில் மிஞ்சியிருந்தவர் வி.எஸ். மட்டுமே.

1980 முதல் 1992 வரை மாநிலச் செயலாளர். இந்தக் காலத்து வி.எஸ்.ஸை அவருடைய பிற்கால ரசிகர்கள் அவ்வளவாக விரும்ப மாட்டார்கள். இறுக்கமான ஆள், சிரிப்பு அரிது, கட்சிக் கட்டுப்பாட்டில் தயவு தாட்சண்யம் கிடையாது. 1986இல் எம்.வி. ராகவன் போன்ற வலுவான தலைவரைக் கட்சி வெளியேற்றியபோது செயலாளர் இவர்தான். உட்கட்சிப் போரில் அடி கொடுக்கவும் தெரிந்தவர், வாங்கவும் தெரிந்தவர். 1990களில் கட்சியின் தொழிற்சங்கமான சிஐடியுவைச் சார்ந்த பிரிவை ஓரங்கட்டும் மோதலில் பினராயி விஜயனும் இவரும் ஒரே அணியில் நின்றார்கள். பிறகு அந்த இருவருக்கும் இடையில் மூண்ட பகைதான் கேரளப் பத்திரிகைகளுக்குப் பல ஆண்டுத் தீனி. பினராயியும் கள்ளிறக்கும் தொழிலாளியின் மகன், கல்லூரிக்கு முன்பு கைத்தறி நெய்தவர். ஒரே ஏணியில் ஏறி வந்தவர்கள் மேலே போனதும் கைகோத்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இவர்கள் கதை நல்ல மருந்து.

தேர்தல் பக்கம் வி.எஸ்.ஸுக்கு அத்தனை எளிதாக இருக்கவில்லை. 1965இல் அம்பலப்புழையில் முதல் போட்டி, தோல்வி. 1967, 1970 வெற்றி. 1977 தோல்வி. 1991இல் மாராரிக்குளத்தில் ஜெயித்து அடுத்த ஆண்டு எதிர்க்கட்சித் தலைவரானார். 1996 தேர்தலில் இடது முன்னணி ஜெயிக்கிறது. முதலமைச்சராகப் போகிறவர் என்று பேசப்பட்ட வி.எஸ். மட்டும் அதே மாராரிக்குளத்தில் 1,965 ஓட்டில் தோற்கிறார்! கட்சியின் கோட்டை என்று பெயரெடுத்த தொகுதி. உள்ளே இருந்தவர்களே காலை வாரிவிட்டார்கள் என்று கட்சி விசாரணை வைத்து உள்ளூர்க்காரர்கள் மீது நடவடிக்கை எடுத்தது. கட்சியின் மற்றொரு மூத்த தலைவர் இ.கே. நாயனார் முதலமைச்சரானார். 73 வயதை நெருங்கிக்கொண்டிருந்தவரின் கதை அத்தோடு முடிந்தது என்றுதான் பலரும் எழுதினார்கள்.

பயிரை வெட்டியவர்

அதற்கு அடுத்து அவர் கையில் எடுத்தது இன்னும் கெட்ட பெயரைத்தான் வாங்கித் தந்தது. 1990களின் கடைசியில் கேரளத்தில் நெல் வயல்களை மூடி, வாழை, தென்னை, ரப்பர் என்று மாற்றுவது வேகம் பிடித்தது. நெல் போனால் விவசாயக் கூலியின் வேலை நாட்களும் போகும். விவசாயத் தொழிலாளர் சங்கத்தினர் வி.எஸ். தலைமையில் அப்படி மாற்றப்பட்ட நிலங்களுக்குள் இறங்கிப் பயிரை வெட்டிச் சாய்த்தார்கள். 'வெட்டிநிரத்தல்' என்று பெயர் விழுந்தது. வளர்ந்த வாழையை வெட்டிப் போடும் படங்கள் பத்திரிகைகளில் வந்தால் ஊர் யார் பக்கம் நிற்கும்? வளர்ச்சிக்கு எதிரி, முரட்டுக் கிழவர் என்ற முத்திரை பல ஆண்டுகள் ஒட்டிக்கொண்டது.

பத்தாண்டு கழித்து அவரே முதலமைச்சராக இருந்தபோது, 2008இல், நெல் வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வயலை மூடுவது குற்றம் என்று சட்டமே சொன்னது. அரிவாளோடு கேட்ட அதே கோரிக்கையைச் சட்டப்புத்தகத்தில் ஏற்றிவிட்டார். கூலிக்காரரின் வேலை நாளைக் காப்பாற்றக் கேட்டதை, ஊர் இப்போது நிலத்தடி நீரைக் காப்பாற்றும் கோரிக்கையாகக் கேட்டது. மூன்று கமிட்டி அறிக்கைகளைப் படிப்பதைவிட, தொழிலாளர் அரசியல் எப்படிப் பொது அரசியலாக மாறுகிறது என்பதை இந்த ஒரு விஷயத்தில் நன்றாகப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

இடையில் 2001இல் பாலக்காடு மாவட்டத்தில், நம் எல்லையை ஒட்டிய மலம்புழாவில் நின்றார். ஐயாயிரத்துக்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் தப்பித்து, எதிர்க்கட்சித் தலைவரானார். அந்த ஐந்து ஆண்டுகளில் ஆள் மாறிப்போனார். எண்பதை நெருங்கும் வயதில் இடுக்கியின் மதிகெட்டான் காட்டுக்குள் ஏறிப் போய் ஆக்கிரமிப்புகளைப் பார்த்தார். பிளாச்சிமடையில் நிலத்தடி நீருக்காகக் கோகோ கோலா ஆலைக்கு எதிரே போராடிய ஆதிவாசிகள் பக்கம் நின்றார். முன்னாள் அமைச்சர் ஆர். பாலகிருஷ்ண பிள்ளைக்கு எதிரான இடமலையாறு ஊழல் வழக்கை விடாமல் உச்ச நீதிமன்றம் வரை இழுத்துச் சென்றார். 2011இல் பிள்ளைக்கு ஓராண்டுச் சிறை உறுதியானது. ஒரே சொல்லை நீட்டி, நிறுத்தி, மறுபடி சொல்லும் அவர் பேச்சைப் பலகுரல் கலைஞர்கள் மேடைக்கு மேடை செய்து காட்டினார்கள். வீட்டுக்கு வீடு அந்தக் குரல் போய்ச் சேர்ந்தது. கிண்டல் செய்யச் செய்ய ஓட்டு கூடும் என்பதைக் கேரளத்து மிமிக்ரிக்காரர்கள் அப்போது யோசித்திருக்க மாட்டார்கள்.

முதலமைச்சர், ஆனால் போலீஸ் கையில் இல்லை

2006 தேர்தலுக்கான பட்டியலில் முதலில் வி.எஸ். பெயரே இல்லை. தொண்டர்கள் தெருவில் இறங்கினார்கள். ஊர்வலம், சுவரொட்டி, கொதிப்பு. டில்லித் தலைமை இறங்கி வந்து டிக்கெட் கொடுத்தது. மலம்புழாவில் வித்தியாசம் இந்த முறை இருபதாயிரத்தைத் தாண்டியது. 2006 மே 18 அன்று, 82 வயதில் முதலமைச்சரானார். அந்த வயதில் கேரளத்தில் அதற்கு முன்பு யாரும் முதலமைச்சராகப் பதவி ஏற்றதில்லை.

ஓட்டு மக்களிடமிருந்து வந்தது, நாற்காலி கட்சியிடமிருந்து வந்தது. மாநில அமைப்பு பினராயி கையில். உள்துறையை முதலமைச்சர் தன்னிடம் வைத்துக்கொள்வது பல மாநிலங்களில் வழக்கம். இங்கே அது கொடியேரி பாலகிருஷ்ணனுக்குப் போனது. போலீஸ் தன் பொறுப்பில் இல்லாத முதலமைச்சர்.

2007இல் மூணாறு ஆக்கிரமிப்புகளை அகற்ற மூன்று அதிகாரிகளை அனுப்பினார். புல்டோசர்கள் ரிசார்ட்களை இடித்தபோது மாநிலமே கைதட்டியது. இடிப்பு கூட்டணிக் கட்சி அலுவலகத்தின் வாசலைத் தொட்டதும் கைதட்டல் நின்று முணுமுணுப்பு தொடங்கியது. படை திரும்பி வந்துவிட்டது. அதே ஆண்டில், பகிரங்கமாகச் சண்டை போட்டதற்காக வி.எஸ்., பினராயி இருவரையும் அரசியல் தலைமைக்குழுவிலிருந்து இடைநீக்கம் செய்து, பிறகு சேர்த்துக்கொண்டார்கள். 2009இல், பினராயி மீது குற்றம் சாட்டப்பட்ட லாவலின் ஊழல் வழக்கு விவகாரத்தில் கட்சி நிலைப்பாட்டுக்கு மாறாக நின்றதற்காக வி.எஸ். மட்டும் தலைமைக்குழுவிலிருந்து நீக்கப்பட்டார். நாட்டில் வேறெந்தக் கட்சியிலாவது பதவியில் இருக்கும் முதலமைச்சருக்கு இப்படி ஒரு தண்டனை கிடைக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு அடிப்படையாகக் கட்சி சொல்லும் விதிக்கு ஜனநாயக மத்தியத்துவம் என்று பெயர். முடிவெடுக்கும்வரை உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் வாதிடலாம். முடிவெடுத்த பிறகு தோற்றவரும் அதையே வெளியில் பேச வேண்டும். பணமோ சாதி பலமோ இல்லாத ஒருவரைப் பாதுகாத்து மேலே கொண்டுவருவதும் இந்த விதிதான். தனிமனிதச் செல்வாக்கால் யாரும் அமைப்பைத் தாண்டிவிட முடியாது. அதே விதி, மேலே வந்தவர் சொந்தக் குரலில் பேசத் தொடங்கும்போது வாயைக் கட்டுகிறது. செயலாளராக இருந்து அந்த விதியைப் பிறர் மீது ஏவியவரே பிற்காலத்தில் அதில் சிக்கினார். அவர் அடங்கவும் இல்லை, கட்சியை விட்டுப் போகவும் இல்லை. 2012இல், கட்சியிலிருந்து விலகிப்போன டி.பி. சந்திரசேகரன் கொலையான பிறகு, இடைத்தேர்தல் நாளன்றே அவர் மனைவி கே.கே. ரமாவைப் பார்த்து ஆறுதல் சொல்லிவிட்டு வந்தார். கட்சிக்கு அதைவிடச் சங்கடமான நாள் இருந்திருக்காது.

2011 தேர்தலில் இடது முன்னணி 68 இடம், எதிரணி 72. இரண்டு தொகுதி மாறியிருந்தால் சமநிலை. 2016இல் முன்னணி வென்றபோது பினராயி முதலமைச்சரானார், வி.எஸ்.ஸுக்கு நிர்வாகச் சீர்திருத்த ஆணையத் தலைவர் பதவி. 2019இல் பக்கவாதம் தாக்கிய பிறகு பொதுவாழ்விலிருந்து ஒதுங்கினார். 2025 ஜூலை 21 அன்று, 101 வயதில் காலமானார்.

மூணாறில் ஏணி இல்லாதவர்கள்

2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் தெருவை மறித்து உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். தலைமுறை தலைமுறையாக லயங்களில் குடியிருப்பவர்கள். தினக்கூலி 232 ரூபாய். கம்பெனி போனஸை 10 சதவீதமாகக் குறைத்தது. இவர்கள் கேட்டது 20. கம்பெனியைவிட அவர்களுக்குக் கோபம் சங்கங்கள் மீது. சந்தா வாங்கிக்கொண்டு முதலாளி பக்கம் சாய்ந்துவிட்டார்கள் என்று சங்கத் தலைவர்களை, கட்சி வேறுபாடு பார்க்காமல், கிட்டவே விடவில்லை. 'பெண்கள் ஒற்றுமை' என்று பொருள்படப் 'பொம்பிளை ஒருமை' என்பது அவர்கள் வைத்துக்கொண்ட பெயர்.

அந்தக் கூட்டத்துக்குள் வரவேற்கப்பட்ட மிகச் சில அரசியல்வாதிகளில் ஒருவர் 91 வயது வி.எஸ். தரையில் இருந்த பெண்களோடு இருந்து, உடன்பாடு வரும்வரை நகர மாட்டேன் என்றார். 20 சதவீதம் கிடைத்தது. கூலியும் பிறகு 301 ரூபாயானது. எழுபது ஆண்டுகளுக்கு முன் குட்டநாட்டில் சங்கம் கட்டியவர், சங்கங்களை விரட்டிய பெண்களிடம் போய் உட்கார வேண்டிவந்தது.

அந்தப் பெண்கள் அந்த ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில் சுயேச்சையாக நின்று சில இடங்களில் ஜெயிக்கவும் செய்தார்கள். ஆனால் அவர்களுக்குச் சந்தா வாங்கும் அமைப்பில்லை, முழுநேர ஊழியர் இல்லை, அடுத்த ஆளைத் தேடிப் பிடித்துப் பக்கத்து எஸ்டேட்டுக்கு அனுப்பும் கிருஷ்ணபிள்ளை இல்லை. சில மாதங்களிலேயே தலைமைக்குள் பிளவு வந்தது. முன்வரிசையில் நின்றவர்களில் ஒருவர், தாங்கள் விரட்டிய தொழிற்சங்கத்தின் கட்சிப் பக்கமே போய்ச் சிறிது காலம் இருந்துவிட்டு, பிறகு அங்கிருந்தும் வெளியே வந்தார்.